பைக் இன்ஜின் காரை இழுக்குமா?

“சுசுகி ஹயபுசா பைக்கின் இன்ஜினைக் கழற்றி ஒரு சின்ன காரில் வைத்தால் எப்படி இருக்கும்?” என்று யாராவது ஆரம்பித்தால் போதும், உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். “பைக் இன்ஜினில் டார்க்கே கிடையாது, காரை நகர்த்தவே நகர்த்தாது” என்பது ஒரு கட்சி. “170 ஹெச்.பி. இருக்கிறது, நாலு பிராக்கெட் வெல்டு அடித்து உட்கார வைத்தால் பறக்கும்” என்பது இன்னொரு கட்சி. கல்லூரியில் பைக் இன்ஜின் வைத்து ஒரு சின்ன ரேஸ் கார் கட்டிய குழுவில் நானும் இருந்தேன். இரண்டு கட்சியும் சொல்வது தவறு என்பதை அங்கே கையில் கிரீஸ் படிந்துதான் கற்றுக்கொண்டோம்.

இழுவை ஒரு பிரச்சினையே இல்லை. அதைப் பல்சக்கரக் கணக்கு பார்த்துக்கொள்ளும். உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பைக் இன்ஜினை வடிவமைத்தவர் சில விஷயங்களை மனதில் வைத்துத்தான் அதை வரைந்தார்: வண்டி எடை குறைவு, வளைவில் வண்டி சாயும், பின்னோக்கி ஓட வேண்டியதில்லை, முன்னால் எப்போதும் காற்று அடிக்கும். காருக்குள் போனதும் இதெல்லாம் பொய்யாகிவிடுகிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எங்கே, ஏன் செய்கிறார்கள்

இந்த வேலையில் இறங்குபவர்களில் பலர் கிட் கார் கட்டுபவர்கள். கிட் கார் என்றால், கம்பெனியிலிருந்து சட்டகம், உடல் பாகங்கள் என்று துண்டு துண்டாக வாங்கி, வீட்டு கராஜிலேயே பூட்டி முடிக்கும் கார். இந்தப் பழக்கம் ஆழமாக வேரூன்றிய நாடு பிரிட்டன். லோட்டஸ் கார் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்த லோட்டஸ் செவன்தான் இதற்கு மூல உருவம். நீள மூக்கு, இரண்டே சீட், கதவுகூடக் கிடையாது. 1973-இல் அதைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. 1990-களில் அதே உருவத்தில், சதுரக் குழாயை அறுத்து வெல்டு செய்து வீட்டிலேயே சட்டகம் கட்டும் ‘லோகாஸ்ட்’ என்ற மலிவான வகை பரவியது. பழைய ஃபோர்டு எஸ்கார்ட் காரோ ஃபோர்டு சியரா காரோ வாங்கி, அதன் இன்ஜின், ஆக்ஸில், ஸ்டியரிங் எல்லாம் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

அதே காலத்தில்தான் ஜப்பானிய பைக்குகளும் வெறித்தனமாக முன்னேறின. 1992-இல் ஹோண்டா ஃபயர்பிளேடு, 1998-இல் யமஹா ஆர்1, 1999-இல் சுசுகி ஹயபுசா. விபத்தில் சட்டகம் வளைந்த பைக் ஒன்றை வாங்கினால் இன்ஜின் முழுசாகக் கிடைக்கும். இன்ஜின், கிளட்ச், ஆறு கியர் கொண்ட கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே அலுமினிய ஓட்டுக்குள். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 70, 80 கிலோ. இரண்டு பேர் தூக்கிவிடலாம். பழைய கார் இன்ஜினையும் அதன் கியர்பாக்ஸையும் தூக்க செயின் பிளாக் வேண்டும். காரின் மொத்த எடையே 450, 500 கிலோ என்றால், இன்ஜினில் மிச்சமாகும் எடை பிரேக்கிலும் வளைவிலும் கையில் தெரியும்.

கிணற்றடியில் இரண்டு பேர்

இப்போது டார்க்குக்கு வருவோம். கிணற்றில் இரண்டு பேர் தண்ணீர் இறைக்கிறார்கள். ஒருவர் பெரிய வாளியை நிதானமாக இழுக்கிறார், நிமிடத்துக்கு ஐந்து வாளி. இன்னொருவர் பாதி அளவு வாளியை வேக வேகமாக இழுக்கிறார், நிமிடத்துக்குப் பத்து. தொட்டி நிரம்பும் நேரம் இருவருக்கும் ஒன்றே.

வாளியின் அளவுதான் டார்க், தமிழில் முறுக்குவிசை. இன்ஜின் தண்டு ஒரு தருணத்தில் எவ்வளவு பலமாக முறுக்குகிறது என்பது அது. நியூட்டன் மீட்டரில் அளப்பார்கள். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது ஆர்.பி.எம். இரண்டையும் பெருக்கினால் வருவது திறன், அதாவது நாம் ஹெச்.பி. என்று சொல்வது. தொட்டி எவ்வளவு சீக்கிரம் நிரம்புகிறது என்பது திறன்.

சரி, சின்ன வாளிக்காரர் பெரிய சுமையைத் தூக்க வேண்டுமென்றால்? அதற்குத்தான் கியர். சைக்கிளில் மேம்பாலம் ஏறும்போது லேசான கியருக்கு மாற்றினால் கால் அதிகமாகச் சுற்றும், சக்கரம் மெதுவாக, ஆனால் பலமாகச் சுற்றும். பல்சக்கரம் சுற்றை வாங்கிக்கொண்டு முறுக்கைத் திருப்பிக் கொடுக்கிறது. ஆகவே இன்ஜினின் டார்க்கை மட்டும் வைத்து இழுவையைத் தீர்மானிக்க முடியாது. தரையைத் தள்ளுவது சக்கரம். சக்கரத்துக்கு வந்து சேரும் முறுக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

1999 ஹயபுசாவின் அதிகபட்ச டார்க் 138 நியூட்டன் மீட்டர். சாதாரண 1.6 லிட்டர் பெட்ரோல் கார் இன்ஜினும் ஏறக்குறைய 140 தான் தரும். “டார்க்கே கிடையாது” என்ற வாதம் இங்கேயே பாதி ஆட்டம் காண்கிறது.

ஹயபுசாவின் ஓட்டுக்குள்ளேயே இரண்டு கட்டமாகச் சுற்று குறைகிறது. இன்ஜின் தண்டிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் இடத்தில் 1.596 மடங்கு, இதற்கு பிரைமரி ரிடக்‌ஷன் என்று பெயர். முதல் கியரில் இன்னும் 2.615 மடங்கு. பைக்கில் இதற்குப் பிறகு செயின் வரும். காரில் செயினுக்குப் பதில் பின் ஆக்ஸிலில் டிஃபரென்ஷியல் இருக்கும். சுற்றைக் குறைத்து இரண்டு சக்கரத்துக்கும் பங்கு போட்டு, வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி அது. சியராவில் கிடைக்கும் 3.14 மடங்கு டிஃபரென்ஷியலை எடுத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 13.1. சக்கரத்துக்கு வரும் முறுக்கு, உராய்வில் போவதைக் கணக்கில் எடுக்காவிட்டால், 1,800 நியூட்டன் மீட்டர்.

1.6 லிட்டர் காரில் முதல் கியர் 3.6, டிஃபரென்ஷியல் 3.9 என்று வைத்தால் பெருக்கல் 14. சக்கரத்தில் 1,960. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அந்தக் கார் இன்ஜின் 6,500 ஆர்.பி.எம்.மில் மூச்சு வாங்கிவிடும். 13 அங்குல ரிம்மில் 185/60 டயர் போட்டிருந்தால் அப்போது வேகம் மணிக்கு 48 கி.மீ. அதற்கு மேல் இரண்டாவது கியர் போட்டாக வேண்டும், முறுக்கு குறையும். ஹயபுசா 10,000 வரை சுற்றும்போது அதே முதல் கியரில் 79 கி.மீ. வந்துவிடும். ஒரே அளவு இழுவையை அது கூடுதல் வேகம் வரை பிடித்து வைத்திருக்கிறது. ஹெச்.பி. அதிகம் என்பதன் அர்த்தமே இதுதான். அதோடு இழுக்க வேண்டிய எடையும் சாதாரணக் காரில் பாதி.

அதே கணக்கில் ஆறாவது கியரில் 10,000 சுற்றுக்கு 199 கி.மீ. வருகிறது. 3.14-க்குப் பதில் அதே சியரா வகையில் கிடைக்கும் 3.92 டிஃபரென்ஷியலைப் போட்டால் அது 159-க்கு இறங்கிவிடும். இழுவை கூடும், ஆனால் நெடுஞ்சாலையில் இன்ஜின் ஓயாமல் அலறும். பைக் இன்ஜின் காரில் “டார்க் இல்லை” என்று யாராவது சொன்னால், முதலில் அவருடைய டிஃபரென்ஷியல் எத்தனை மடங்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் அங்கேதான் இருக்கும்.

இதுவரை பார்த்தது: டார்க் என்பது வாளி, திறன் என்பது தொட்டி நிரம்பும் வேகம், கியர் இரண்டுக்கும் நடுவே மாற்றிக் கொடுப்பது. சரியான டிஃபரென்ஷியல் போட்டால் பைக் இன்ஜின் சின்ன காரைத் தாராளமாக இழுக்கும்.

நகர்த்தும் அந்த இரண்டு வினாடி

அப்படியானால் முதல் தடவை ஓட்டுபவர்கள் ஏன் சிக்னலில் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள்? காரணம் ஃபிளைவீல். கார் இன்ஜினின் பின்னால் இருக்கும் கனமான இரும்புத் தட்டு அது. அம்மியில் குழவியை ஒருமுறை ஓட்டிவிட்டால் அதன் கனமே கொஞ்சம் வேலை செய்து கொடுக்கும் அல்லவா, அதைப் போல ஃபிளைவீல் சுற்றைச் சேமித்து வைத்திருக்கும். கிளட்ச்சை விடும்போது இன்ஜின் தடுமாறாமல் அது தாங்கிப் பிடிக்கும். பைக் இன்ஜினில் அப்படிக் கனமான தட்டு கிடையாது. சட்டென்று சுற்று ஏற வேண்டும் என்பதற்காகவே எல்லாம் லேசாகச் செய்யப்பட்டிருக்கும். அதனால் சட்டென்று இறங்கவும் செய்யும்.

மேலே சொன்ன கார் முதல் கியரில் 3,000 ஆர்.பி.எம்.மில் போகும் வேகம் 24 கி.மீ. நின்ற இடத்திலிருந்து அந்த வேகம் வரும்வரை கிளட்ச் வழுக்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். பைக் கிளட்ச் என்பது வளையல் அடுக்கியது போலப் பல தட்டுகள் ஆயிலில் நனைந்தபடி இருக்கும் அமைப்பு. வழுக்கும்போது எழும் சூடு இன்ஜின் ஆயிலுக்கே போகிறது. ரேஸ் டிராக்கில் ஒருமுறை கிளம்பினால் முடிந்தது. ஊருக்குள் நெரிசலில், ஏற்றத்தில், பார்க்கிங்கில் இரட்டை எடையோடு திரும்பத் திரும்ப வழுக்கவிட்டால் தட்டு கருகும். அதனால் இறுக்கமான கிளட்ச் ஸ்பிரிங் மாற்றுவது வழக்கம். ஓட்டுபவரும் பழக வேண்டும்: கொஞ்சம் சுற்றை ஏற்றிக்கொண்டு, தயங்காமல், ஒரே சீராக விட வேண்டும்.

ஓட ஆரம்பித்த பிறகு அதே லேசான தன்மை வரமாகிவிடுகிறது. கியர் லிவரை முன்னே தள்ளினால் ஒரு கியர், இழுத்தால் ஒரு கியர். பைக்கில் காலால் செய்வதைக் கம்பி இணைப்பு வழியாகக் கையால் செய்கிறோம். கியர் விழும் அந்த ‘டக்’ சத்தமும், உடனே சுற்று வந்து சேரும் வேகமும் வேறு எந்தக் காரிலும் இந்த விலைக்குக் கிடைக்காது.

இன்ஜினைக் கால் சுற்றுத் திருப்புவது

பைக்கில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். பெரும்பாலான பைக்குகளில் செயின் மாட்டும் பல்சக்கரம், அதாவது ஸ்ப்ராக்கெட், இடப்பக்கம் இருக்கும். செவன் வகைக் காரில் இன்ஜின் முன்னால், ஓடும் சக்கரம் பின்னால். ஆகவே இன்ஜினைக் கால் சுற்றுத் திருப்பி, அந்த இடப்பக்கம் காரின் பின்பக்கத்தைப் பார்க்கும்படி வைக்கிறார்கள். ஸ்ப்ராக்கெட் இருந்த இடத்தில் ஒரு ஃபிளாஞ்ச், அதாவது போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டு. அதிலிருந்து டிஃபரென்ஷியல் வரை நீளும் சுழல் தண்டு, புரொப்பெல்லர் ஷாஃப்ட்.

இங்கே ஒரு நல்ல பொருத்தம் இருக்கிறது. இப்படித் திருப்பினால் ஃபிளாஞ்ச் சுற்றும் திசை, வழக்கமான கார் இன்ஜின் ஷாஃப்டைச் சுற்றும் திசையாகவே அமைந்துவிடுகிறது. ஸ்ப்ராக்கெட் வலப்பக்கம் உள்ள பைக்காக இருந்தால் திசை தலைகீழாகி, சாதாரண டிஃபரென்ஷியலோடு கார் ஆறு கியரிலும் பின்னோக்கித்தான் ஓடும். வாங்குவதற்கு முன் குனிந்து பார்க்க வேண்டிய முதல் விஷயம் இதுவே.

அந்த ஃபிளாஞ்சை லேத்தில் கடைவதில் அவசரம் கூடாது. ஆறாவது கியரில் 10,000 சுற்றுக்கு ஷாஃப்ட் 6,000 சுற்று சுற்றுகிறது. அரை மில்லிமீட்டர் மையம் விலகினாலும் சீட் வழியாக நடுக்கம் முதுகுக்கு வரும், பிறகு கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்னும். ஷாஃப்ட் நீளமாக இருந்தால் இரண்டு துண்டாகச் செய்து நடுவில் ஒரு பேரிங் கொடுப்பார்கள்.

எல்லோரும் இப்படித்தான் வைக்க வேண்டும் என்றில்லை. இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால், பைக்கில் இருந்த மாதிரியே குறுக்காக வைத்து, செயின் வழியாகவே பின் டிஃபரென்ஷியலைச் சுற்றலாம். நாங்கள் கட்டியது அந்த மாதிரிதான். மாணவர்களின் ரேஸ் கார்களில் பரவலாக இருப்பதும் அதுவே.

சாயாத வண்டியில் ஆயில்

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையை எழுதவே காரணம். பைக் இன்ஜின் காரில் செத்துப்போகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

மோர் நிரம்பிய தூக்குவாளியைக் கையில் பிடித்து வட்டமாகச் சுழற்றினால் ஒரு சொட்டும் சிந்தாது. வாளி தானாகச் சாய்ந்துகொள்வதால், மோர் எப்போதும் வாளியின் அடியை நோக்கியே அழுத்தப்படுகிறது. அதே தூக்கை ஆட்டோவின் தரையில் வைத்து ஒரு திருப்பம் திரும்பிப் பாருங்கள். தூக்கு சாயாது, மோர் ஒரு பக்கமாக ஏறி வழியும்.

பைக் முதல் வகை. வளைவில் சாய்கிறது. இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி சம்ப். அதிலிருந்து ஒரு குழாய் வழியாக பம்ப் ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. பைக் எவ்வளவு சாய்ந்தாலும் ஆயில் சம்ப்பின் அடியிலேயே இருக்கும், குழாயின் வாய் எப்போதும் மூழ்கியிருக்கும்.

கார் இரண்டாவது வகை. நல்ல டயர் போட்ட லேசான கார், தன் எடைக்குச் சமமான பக்கவாட்டு விசையோடு வளைவில் போக முடியும். அப்போது சம்ப்பில் ஆயிலின் மேல்மட்டம் 45 டிகிரி சரிந்து நிற்கும். குழாயின் வாய் காற்றில். பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. 9,000 சுற்றில் சுழலும் தண்டுக்கும் அதன் பேரிங்குக்கும் நடுவே இருக்கும் முடி கனத்துக்கும் மெல்லிய ஆயில் படலம் கிழிகிறது. உலோகத்தில் உலோகம் உரசினால் சில வினாடிகளே போதும்.

எங்கள் முதல் காரில் இதைக் கண்ணால் பார்த்தோம். மைதானத்தில் கூம்புகளை வட்டமாக வைத்து, விடாமல் சுற்றி வரும் சோதனை. இரண்டாவது சுற்றில் டேஷ்போர்டின் சிவப்பு ஆயில் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. ஓட்டியவர் கவனித்தார். வயர் லூசாக இருக்கும் என்று நாங்கள் நினைத்து, இன்னும் நாலு சுற்று விட்டோம். அன்று மாலை ஆயிலை வடித்து ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி டார்ச் அடித்தபோது, ஜிகினா தூவியது போல மினுமினுவென்று துகள்கள். பேரிங்கின் தோல் அது. அந்த இன்ஜின் மறுபடி ஓடவில்லை. அந்த விளக்கு சிமிட்டிய நேரம் அரை வினாடிகூட இருக்காது.

தீர்வுகள் உண்டு. எளியது, சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள் பூட்டுவது. தண்ணீர் லாரியின் தொட்டிக்குள்ளும் தண்ணீர் அலையாமல் இருக்க இப்படித் தடுப்பு வைத்திருப்பார்கள். அடுத்தது, அழுத்தத்தில் ஆயிலைச் சேமித்து வைக்கும் ஒரு சிலிண்டர். பம்ப் காற்றைக் குடிக்கும் அந்தச் சில நொடிகளில் அது தன் கையிருப்பைக் கொடுக்கும். எல்லாவற்றிலும் உறுதியானது டிரை சம்ப். இன்ஜின் அடியில் ஆயிலைத் தங்கவே விடாமல் தனி பம்ப்புகள் உறிஞ்சி, வெளியே உள்ள உயரமான தொட்டிக்கு அனுப்பும். அந்தத் தொட்டியின் அடியிலிருந்து எப்போதும் முழு ஆயில் கிடைக்கும். செலவு அதிகம். ஆனாலும் டிராக்கில் ஓட்டப் போகிறவர் வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம்.

மொத்தத்தில்: பைக் சாய்வதால் ஆயில் இடத்தில் இருக்கிறது, கார் சாயாததால் ஓரத்துக்கு ஓடுகிறது. ஆயில் அழுத்த மீட்டர் இல்லாமல், தடுப்பு இல்லாமல் முதல் வளைவுக்கே போகக் கூடாது.

ரிவர்ஸ், ரேடியேட்டர், வயரிங்

பைக்குக்கு ரிவர்ஸ் கியர் தேவையில்லை, காலால் தள்ளிக்கொள்ளலாம். காருக்கு வேண்டும். பிரிட்டனில் 410 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி பின்னோக்கி ஓடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது சட்டமே. ஒரு வழி, ஷாஃப்டின் நடுவில் திசை மாற்றும் சின்ன கியர்பெட்டி. இன்னொரு வழி, ஷாஃப்டில் ஒரு பல்வளையம் மாட்டி, ஸ்டார்ட்டர் மோட்டார் ஒன்றால் அதைப் பின்னோக்கிச் சுற்றுவது. ஹோண்டா கோல்ட் விங் என்ற பெரிய பைக்கிலேயே 1988 முதல் ஸ்டார்ட்டர் மோட்டாரால் இயங்கும் ரிவர்ஸ் உண்டு. யோசனை புதிதல்ல.

பைக்கின் ரேடியேட்டர் பெரும்பாலும் போதாது. சின்ன கார் ஒன்றின் ரேடியேட்டரும் மின்விசிறியும் போட்டால் தீர்ந்தது.

வயரிங்கில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நவீன பைக்கில், வண்டி கீழே விழுந்தால் இன்ஜினை அணைக்கும் சாய்வு சென்சார் இருக்கும். சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால் கியர் விழுந்ததும் அணைக்கும் சுவிட்ச் இருக்கும். அந்தச் சாய்வு சென்சாரைக் காரில் படுக்க வைத்துப் பூட்டிவிட்டால், பைக் விழுந்து கிடக்கிறது என்றே இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் நம்பும். ஸ்டார்ட்டர் சுற்றும், தீப்பொறி வராது. அதனால் இன்ஜினை மட்டும் தனியாக வாங்காமல், வயர் கட்டு, கம்ப்யூட்டர், சாவி, மீட்டர் எல்லாம் ஒரே பைக்கிலிருந்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

எங்கே ஓட்டலாம்

பிரிட்டனில் வீட்டில் கட்டிய கார், தனி வாகன ஒப்புதல் சோதனையில் தேறினால் நம்பர் வாங்கிச் சாலையில் ஓடலாம். இதே பைக் இன்ஜின் யோசனையில் 1997-இல் பீட்டர்பரோவில் தொடங்கிய ராடிக்கல் நிறுவனம், ஹயபுசா வழி வந்த வி8 இன்ஜின் வைத்த எஸ்ஆர்8 காரால் 2009-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வட்டத்தை 6 நிமிடம் 48 வினாடியில் சுற்றியது.

இந்தியாவில் நிலைமை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பழைய காரில் பைக் இன்ஜின் வைத்துச் சாலையில் இறக்கினால் சிக்கல்தான். ஆர்வம் இருப்பவர்கள் மூடிய டிராக்கையே நாட வேண்டும். கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். 710 சி.சி.க்குள் இன்ஜின், இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் 20 மில்லிமீட்டருக்கு மேல் அகலமில்லாத துளை என்ற விதிக்குள் மாணவர்கள் கட்டிய கார்கள் ஓடும். கேடிஎம் 390 இன்ஜினைப் பல அணிகளிடம் பார்க்கலாம். பிட்டில், அதாவது அணிகள் காரைத் தயார் செய்யும் இடத்தில், ஏதாவது ஓர் அணியிடம் நின்று, “ஆயிலுக்கு என்ன செய்திருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். வேலையை விட்டுவிட்டுக் காட்ட வருவார்கள்.